அடங்க மறுத்த அம்பாசிடர்

அத்தியாயம் 6

நான்கு மணிக்கு ஏட்டு வந்து டிரைவர் அம்மாவாசையை அழைத்துப் போவதாக ஏற்பாடு. சுடர்விழியின் ஸ்கூட்டர் உப்பளம் பகுதியில் கலியமூர்த்தியின் வீட்டு வாசலில் நின்றபோது மணி இரண்டு ஐம்பது. கையில் இருந்தது எழுபது நிமிடம். அதில் இரண்டு நிமிடத்தை, பின் சீட்டிலிருந்து இறங்குவதற்கே கோவிந்தராசு செலவழித்தார்.

"சீக்கிரம் இறங்குங்கண்ணே."

"மில்லு மூடினப்பவே என் முட்டியையும் மூடிட்டாங்க மேடம். நீ போ, நான் தவணையில வரேன்."

சுடர்விழி எட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதியவள். வண்டிகள் பொய் சொல்வதில்லை, வண்டிக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்று எழுதியதால் வேலையை விட்டாள். மூடிப்போன மில்லில் முப்பது வருடம் தறி ஓட்டிய கோவிந்தராசு அவளிடம் உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. உதவி என்று அவர் செய்வது பெரும்பாலும் பேச்சு.

வழக்கை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். கலியமூர்த்தி, அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய அம்பாசிடருக்குப் பத்தொன்பது வருடமாக டிரைவர், அம்மாவாசை. போன வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அம்மாவாசை ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தார். வண்டி பாய்ந்தது. கேட்டைத் திறந்துகொண்டிருந்த மருமகன் புருஷோத்தமனின் இடது கால் முறிந்தது. முந்தின நாள்தான் அந்த ஷெட்டை இடித்துவிட்டு டூரிஸ்டுகளுக்குக் காபிக் கடை போடப் போவதாகப் புருஷோத்தமன் சொல்லியிருந்தான். அம்மாவாசை அவனிடம் குரலை உயர்த்திப் பேசியிருந்தார். ஆகவே புகார், கொலை முயற்சி என்று எழுதப்பட்டது.

புகாருக்குத் துணையாக ஒரு கடிதமும் இருந்தது. உப்பளத்திலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் மண்ணாங்கட்டி கைப்பட எழுதியது. "வண்டியில் எந்தக் குறையும் இல்லை. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வண்டி பாய வழியே இல்லை." இந்த இரண்டு வரி போதும், அம்மாவாசையை உள்ளே தள்ள.

அம்மாவாசையின் மனைவி சின்னப்பாப்பா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நேற்று சுடர்விழியைத் தேடி வந்து, அழாமல், விலை பேசுகிற குரலிலேயே சொன்னாள். விபத்துக்கு முன்னால் இரண்டு வாரமாகவே வண்டி அலறிக்கொண்டிருந்ததாம். சும்மா நிற்கும்போதே ஓடுகிற மாதிரி சத்தம் போட்டதாம். அதைத் தன் வீட்டுக்காரர் ஏட்டிடம் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லையாம்.

அந்த அலறல்தான் சுடர்விழிக்குக் கிடைத்த ஒரே நூல் முனை.

ஷெட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். புருஷோத்தமன் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி, கழுத்தில் இரண்டு சுற்று ருத்திராட்சத்தோடு, விபூதி கலையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி, கலியமூர்த்தியின் மகள் சிவசங்கரி, நிலைப்படியில் நின்றாள். ஓரமாக மெக்கானிக் மண்ணாங்கட்டி. கலியமூர்த்தி கறுப்புச் சட்டை. தெருக்கோடியில் இருக்கும் பகுத்தறிவுப் படிப்பகத்துக்குத் தலைவர் அவர். ராகுகாலம் பார்த்து, அதில்தான் வண்டியை வெளியே எடுக்கச் சொல்வார். அம்மாவாசை என்று பெயர் இருந்ததாலேயே அந்த டிரைவரை வேலைக்குச் சேர்த்ததாக மேடைகளில் சொல்வார். கைதட்டல் வரும். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலும் ராகுகாலம்தான். தன் கால் முறிந்ததற்கு அதுதான் காரணம் என்பது மருமகனின் கட்சி. ஒரே வீட்டில் இரண்டு அறிவாளிகள். முறிந்தது ஒரு கால்தான் என்பதே ஆச்சரியம்.

அம்மாவாசை கேட்டுக்கு வெளியே குந்தியிருந்தார். உள்ளே வரக்கூடாது என்று புருஷோத்தமன் சொல்லியிருந்தான்.

"அவர உள்ள கூப்பிடுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணணும்," என்றாள் சுடர்விழி.

புருஷோத்தமன் ஸ்டூலோடு காலைத் தூக்கிக்கொண்டான். கோவிந்தராசு அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்று, தன் உடம்பைத் தாண்டி இந்த வண்டி வராது, மில்லு லாரியே வந்ததில்லை என்று தைரியம் சொன்னார்.

இன்ஜின் கிளம்பியது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. நியூட்ரலில் நிற்கும் வண்டி முனகத்தான் வேண்டும். இது திண்டிவனம் ரோட்டில் எண்பதில் போகிற வண்டியின் சத்தம். அம்மாவாசையின் இரண்டு காலும் வண்டிக்கு வெளியே தரையில் இருந்தன. அதை எல்லோருக்கும் காட்டினாள் சுடர்விழி. ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் இல்லாமலே இவ்வளவு அலறுகிற வண்டியில் எப்படிக் குறை இல்லை என்று எழுதினீர்கள் என்று மண்ணாங்கட்டியைக் கேட்டாள்.

அது குறை இல்லை, வயசு என்றார் மண்ணாங்கட்டி.

"வயசானா அலறுறது சகஜந்தான் மேஸ்திரி," என்றார் கோவிந்தராசு. "நானும் காலையில எழுந்திருக்கச்சே அலறுவேன். ஆனா யார் காலையும் ஒடைக்கல பாருங்க."

மண்ணாங்கட்டி மூன்றாவது மெக்கானிக். அவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதல் ஆள் நான்கு பிளக்கையும் மாற்றினார். சத்தம் குறையவில்லை. இரண்டாவது ஆள் கார்பரேட்டரைக் கழற்றாமலே அதன் மேல் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். வண்டி பளபளப்பாக அலறியது. மண்ணாங்கட்டி, சும்மா நிற்கும்போது இன்ஜின் வேகத்தைக் குறைக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் கடைசி வரைக்கும் வெளியே எடுத்துவிட்டு, கார்பரேட்டரே புதுசு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். போலீஸ் கேட்டபோது மட்டும் குறை இல்லை என்று எழுதினார். தன்னால் கண்டுபிடிக்க முடியாத குறை குறையே இல்லை என்பது அவருடைய தொழில் தர்மம்.

சுடர்விழி பானெட்டைத் தூக்கினாள். மணி மூன்று ஐந்து.

முதலில் சோக். குளிரில் வண்டி கிளம்புவதற்காக இழுக்கிற குமிழ் அது. இழுத்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் இப்படிக் கத்தும். குமிழ் முழுக்க உள்ளே போயிருந்தது. கார்பரேட்டர் வாயில் இருக்கும் தகடும் திறந்தே இருந்தது. சோக் இல்லை.

அடுத்தது காற்று. எங்காவது குழாய் வெடித்து, வேறு வழியாகக் காற்று உள்ளே போனாலும் இன்ஜின் கத்தும். ஏர் ஃபில்டரை எடுத்து வைத்துவிட்டு, கார்பரேட்டர் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். இன்ஜின் திணறி, உடனே அடங்கியது. வேறு ஓட்டை இருந்திருந்தால் இப்படிச் சட்டென்று சாகாது. காற்று இல்லை.

மிச்சம் லீவர். ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்பரேட்டரில் ஒரு சின்ன லீவர் தூக்கும். காலை எடுத்தால் அது திரும்பி வந்து ஐடிலிங் ஸ்க்ரூவின் நுனியில் உட்காரும். சுடர்விழி தன் விசிட்டிங் கார்டை எடுத்து லீவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் விட்டாள். கார்டு தாராளமாக உள்ளே போய் வந்தது.

"உட்காரவே இல்ல," என்றாள். "ஸ்க்ரூவ ஜென்மம் முழுக்கத் திருகினாலும் சத்தம் குறையாது. லீவர ஏதோ பிடிச்சு இழுத்து வெச்சிருக்கு. கியரப் போட்டுக் கிளட்ச விட்டா வண்டி பாயத்தான் செய்யும். மேஸ்திரி, அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

மண்ணாங்கட்டி தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"அது சாமி கயிறுங்க மேடம்."

லீவரிலிருந்து பின்னாலுள்ள கம்பி வரைக்கும் விறைப்பாக ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு முடிந்து தொங்கியது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பானெட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். சுடர்விழி கண்ணிலும் பட்டது, மற்றதைத் தள்ளிவிட்டுச் சொல்லலாம் என்று விட்டிருந்தாள். மூன்று மெக்கானிக்கும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் கயிற்றுக்கு வலிக்காமல் சுற்றிலும் வேலை செய்திருக்கிறார்கள்.

"பாத்தும் ஏன் எழுதல?"

"சாமி விஷயத்தக் குறைன்னு எப்படிங்க எழுதித் தர்றது?" என்றார் மண்ணாங்கட்டி, நியாயமாக.

அம்மாவாசையும் பார்த்திருந்தார். போன மாதம் சிவசங்கரி கோயிலுக்குப் போய் வந்தாள், அவள்தான் வண்டிக்குக் கட்டியிருப்பாள் என்று கும்பிட்டுவிட்டு பானெட்டை மூடிவிட்டாராம். சிவசங்கரியோ டிரைவர் கட்டியது என்று நினைத்திருந்தாள். இப்படி ஆளாளுக்கு அடுத்தவர் பக்தியை மதித்ததில், நடுவில் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகவிருந்தான்.

சுடர்விழி கத்தரிக்கோல் கேட்டாள்.

மண்ணாங்கட்டி வெறுங்காலோடு நாலடி பின்னால் போனார். புருஷோத்தமன், முறிந்த கால் போதாதா, குடும்பமே முறிய வேண்டுமா என்று கத்தினான். அம்மாவாசை கண்ணை மூடிக்கொண்டார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. இதுவரை வாயே திறக்காத கலியமூர்த்தி முன்னால் வந்து, கையை நீட்டித் தடுத்தார்.

"அடுத்தவங்க நம்பிக்கை. மனசு புண்படும். விட்டுடும்மா."

கோவிந்தராசு அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "ஐயா, ஊரு மனசப் புண்படுத்தித்தான நீங்க பேரே வாங்கினீங்க? இன்னிக்கு லீவா?"

சுடர்விழி கயிற்றை வெட்டினாள். லீவர் வந்து ஸ்க்ரூவில் உட்கார்ந்தது. அம்மாவாசை சாவியைத் திருப்பினார். தகரக் கூரை அதிரவில்லை. இன்ஜின் முனகியது, இருமியது, பத்து எண்ணுவதற்குள் தானாகவே நின்றும் போனது.

இது சுடர்விழிக்குப் புதுசு. ஸ்க்ரூவை இரண்டு சுற்று உள்ளே திருகி, மறுபடியும் எடுக்கச் சொன்னாள். இப்போது வண்டி நிற்காமல், அலறாமல், நிதானமாக ஓடியது. அவள் அம்மாவாசையைக் கேட்டாள்.

"அலற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வண்டி எப்படி இருந்திச்சு?"

"சிக்னலுக்கு சிக்னல் நின்னு போவும். நான்தான் எறங்கி, பானெட்டத் தூக்கி, அந்த லீவரக் கையால இழுத்துப் பிடிச்சு உசுரு குடுப்பேன்."

ஸ்டூல் மேல் இருந்த கால் தரைக்கு வந்தது. புருஷோத்தமன் எழுந்தே நின்றுவிட்டான். இன்னும் ஒரு தடவை வண்டி நடுரோட்டில் நின்றால் வண்டி காயலான் கடைக்கு, டிரைவர் வீட்டுக்கு என்று தான் எல்லோர் முன்னிலும் சொன்னதை அவன் நினைவுபடுத்தினான். வண்டி நிற்காமல் இருக்க லீவரை இழுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் யார்? வேலை போய்விடும் என்று பயந்த ஆள் யார்?

"அவனே கட்டிட்டான்," என்றான். "நல்லா கண்டுபிடிச்சீங்க மேடம். நாங்க வெறும் சந்தேகமாத்தான் வெச்சிருந்தோம். இப்ப நீங்களே சாட்சி."

மணி மூன்று இருபது. கேட்டுக்கு வெளியே சின்னப்பாப்பா வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ஐம்பது வயது முகத்தில், இந்தப் பொம்பளையை ஏன்தான் கூப்பிட்டோம் என்பது தெளிவாக எழுதியிருந்தது. அம்மாவாசை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கினார். நான் கட்டலீங்க என்று மட்டும் சொன்னார். அதை இரண்டாவது தடவை சொல்ல அவருக்கே தெம்பு இல்லை.

சுடர்விழி அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் முழுக்க வருடக்கணக்கான எண்ணெய்க் கறை. கயிறு மட்டும் புதுசு. கயிற்றைத் தடவினால் மஞ்சள் தூள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை கோவிந்தராசுவிடம் நீட்டினாள். அவர் கிழங்கை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய், நாக்கிலும் வைத்துப் பார்த்தார். அவர் முகம் கோணியது.

"சுடரு, இது மஞ்ச இல்ல. சுக்கு."

"நிச்சயமாவா?"

"எனக்கு வாயுத் தொல்லை இருபது வருஷமா இருக்கு. சுக்கு தெரியாமப் போவுமா? மேல மஞ்சத்தூளப் பூசி வெச்சிருக்கான்."

சுடர்விழி அந்தத் துண்டை அம்மாவாசையின் உள்ளங்கையில் வைத்து, ஆயுத பூஜைக்கு வண்டிக்கு எதைக் கட்டுவீர்கள் என்று கேட்டாள். விரலி மஞ்சள், பெரிய மார்க்கெட்டில் தன் வீட்டுக்காரி பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவாள் என்றார் அவர். கையில் இருந்ததைப் பார்த்தார். முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதப் போயி யாராச்சும் கட்டுவாங்களா? கஷாயத்துக்குப் போடறதாச்சே."

சுடர்விழி திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"கட்டினவருக்கு சாமி கும்பிடவும் தெரியாது, கொழம்பு வைக்கவும் தெரியாது. பூஜை பண்றவங்களுக்கு மஞ்சக் கெழங்கு தெரியும். சமையல் பண்றவங்களுக்கு சுக்கு தெரியும். ரெண்டையும் கண்ணால பாக்காத ஆளு இந்த வீட்ல எத்தனை பேரு?"

அம்மாவாசை வருடா வருடம் பூஜை போடுகிறவர். புருஷோத்தமன் தினம் ஒரு மணி நேரம் மணியடிக்கிறவன். சிவசங்கரி அடுப்படியிலேயே நிற்கிறவள். எண்ணி முடிக்க விரலே தேவைப்படவில்லை. எல்லோர் கண்களும் கறுப்புச் சட்டையின் மேல் போய் நின்றன.

முதலில் பேசியது சிவசங்கரி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்பா சமையல்கட்டுக்கு வந்தாராம். கல்யாணம் ஆகி அவள் இந்த வீட்டிலேயே இருந்த இத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாராம். சர்க்கரை தேடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுக்கவில்லை. வண்டி இன்னொரு தடவை நின்றால் மருமகன் அதைத் தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிடுவான். அவருக்கு ஓட்டத் தெரியாது. அம்மாவாசையும் வண்டியும் போய்விட்டால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அம்மாவாசை லீவரை இழுத்துப் பிடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறார். அதையே கயிற்றை வைத்துச் செய்தார்.

"சணல வெச்சுக் கட்டியிருக்கலாமே," என்றாள் சுடர்விழி. "எதுக்கு மஞ்ச?"

"வெறும் சணலா இருந்தா அன்னிக்கே எவனாச்சும் அவுத்துப் போட்டிருப்பான். மஞ்சளத் தடவினா ஒருத்தனும் தொட மாட்டான்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய மேடை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "பகுத்தறிவோடதான் செஞ்சேன்."

"கால் ஒடஞ்ச அன்னிக்கு அந்தப் பகுத்தறிவு எங்க போச்சு?"

வரும் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தின் வெள்ளி விழா. சகுனம், சாஸ்திரம் பற்றி அவர்தான் தலைமை உரை. கலியமூர்த்தி வண்டிக்கு மஞ்சள் கயிறு கட்டினான் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், முப்பது வருடப் பேச்சும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். ஏட்டு கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிடுவார், எப்படியும் அம்மாவாசை வெளியே வந்துவிடுவான் என்று நினைத்தாராம்.

"நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு ஒருத்தன் கம்பி எண்ணலாம்," என்றார் கோவிந்தராசு. "கொள்கைன்னா இதுதான கொள்கை."

புருஷோத்தமனுக்கு வேறு கவலை. மாமனாரே கட்டியது என்றால் புகார் நிற்காதே, அப்போது வண்டியை எப்போது வெளியே எடுப்பது, ஷெட்டுக்கு ஆள் அளவெடுக்க வருகிறானே என்று மனைவியைக் கேட்டான். சிவசங்கரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் காலை மறுபடி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டான்.

சுடர்விழி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் டிக்கியின் மேல் வைத்தாள். ஏட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களாகவே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுங்கள் என்றாள். கலியமூர்த்தி நின்றபடியே எழுதினார். சூப்பிரண்டு கையெழுத்து, அச்சடித்தது போல இருந்தது. எழுதி முடித்து நீட்டினார். அவள் படித்தாள். 'நான் ஒரு கயிற்றால் லீவரைக் கட்டினேன்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"என்ன கயிறு?"

"கயிறுதாம்மா. அதெல்லாம் எதுக்கு?"

"மூணு மெக்கானிக் ஏன் தொடலன்னு ஏட்டு கேப்பாரு. எழுதுங்க."

பேனா ரொம்ப நேரம் காற்றில் நின்றது. பிறகு வரிக்கு மேலே, பொடி எழுத்தில், 'மஞ்சள்' என்று எழுதினார். மண்ணாங்கட்டியையும் கூப்பிட்டு, அடியிலேயே அவருடைய பழைய இரண்டு வரியை வாபஸ் வாங்கி எழுத வைத்தாள் சுடர்விழி. அவர் செருப்பைப் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடலாம், சுக்குக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்றார் கோவிந்தராசு.

மணி மூன்று நாற்பது. கலியமூர்த்தி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். துண்டைத் தோளில் போட்டார். பத்தொன்பது வருடப் பழக்கம், யாரையும் பார்க்காமலே பின் கதவைத் திறந்தார்.

"அம்மாவாசை, வண்டிய எடு. ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

அம்மாவாசை வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். இன்ஜினை அணைத்தார். பானெட்டை இறக்கி, மூடிக்கொண்டதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். சாவியை உருவிச் சிவசங்கரியிடம் கொடுத்தார். பிறகு அந்தப் பின் கதவை, கலியமூர்த்தியின் கை அதில் இருக்கும்போதே, மெதுவாகச் சாத்தினார்.

"ஸ்டேஷன் பக்கந்தான்யா," என்றார். "நடந்து போங்க."

கேட்டு ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தது. அதைத் தாண்டி, சின்னப்பாப்பா நின்ற பக்கமாக அம்மாவாசை நடந்தார்.